கம்பி முனையில் கடல்

மரக்காணத்துக்கும் கூனிமேட்டுக்கும் இடையே உப்பு இரண்டு வகையாக விளைகிறது. ஒன்று பாத்தியில் விளைவது. கடல்நீர், அடர்த்தியை அளக்கும் போமே மானியில் 3 டிகிரிதான் காட்டும். பாத்தி பாத்தியாக மாற்றி வெயிலில் காய்ச்சினால் அடர்த்தி ஏறி, 25 டிகிரியைத் தொட்டதும் கல்லுப்பு இறங்கத் தொடங்கும். வாரிக் குவித்து, மூட்டை கட்டி, லாரி ஏற்றலாம். இன்னொன்று காற்றில் விளைவது. ஜன்னல் கம்பியில், ஃபேன் இறக்கையில், பைக் செயினில் வந்து படிகிறது. இதை யாரும் விலைக்கு வாங்குவதில்லை. மாறாக, ஆண்டுதோறும் பெயின்ட் டப்பாவுக்கும் புது நட்டு போல்ட்டுக்கும் நாம்தான் காசு கொடுக்க வேண்டியிருக்கிறது.

இந்த இரண்டாவது உப்புக்கு அண்மைக் காலமாகப் புதிய தீனி ஒன்று கிடைத்திருக்கிறது. கார்டைக் காட்டினால் திறக்கும் கதவு.

கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி ரிசார்ட்டுகள், இறால் குஞ்சுப் பண்ணைகள், குளிர்பதனக் கிடங்குகள் என்று கட்டடங்கள் முளைத்தபடி இருக்கின்றன. கூனிமேட்டிலேயே நாளொன்றுக்கு 60 மில்லியன் லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் திட்டத்தை அரசு அறிவித்தது. இப்படிப்பட்ட இடங்களில் இப்போது திண்டுக்கல் பூட்டு தொங்குவதில்லை. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தப் பூட்டுக்குச் சாவி போதும், கரன்ட் வேண்டாம். புதிய கதவுக்குக் கார்டோ விரல்ரேகையோ வேண்டும். கதவுக்கு மேலே காந்தப் பூட்டு, பக்கத்தில் ரீடர், உள்ளே சுவரில் ஒரு பெட்டி. அந்தப் பெட்டியைத்தான் ‘ஆக்சஸ் பேனல்’ என்கிறார்கள்.

இப்படி ஒரு புகாரை வைத்துக்கொள்வோம். காலை ஆறரை மணி. ஷிஃப்டுக்கு வந்தவர் கார்டைக் காட்டுகிறார். ரீடர் ‘பீப்’ என்கிறது, கதவு அசையவில்லை. மறுபடி காட்டுகிறார், மறுபடி ‘பீப்’. காவலாளி உள்ளேயிருந்து பட்டனை அழுத்தித் திறந்து விடுகிறார். டெக்னீஷியன் புதுச்சேரியிலிருந்து பதினோரு மணிக்கு வந்து சேர்கிறார். அதே கார்டு, அதே ரீடர், அதே கதவு. ஒரே தடவையில் திறக்கிறது. ‘நான் வந்தா சரியாயிடுதுங்க’ என்று அவர் சிரித்துவிட்டுப் போகிறார். மறுநாள் காலை ஆறரைக்குப் பழைய கதை.

அவர் கைராசிக்கு இதில் பங்கில்லை. பங்கு 75 என்ற எண்ணுக்கு.

சாப்பாட்டு உப்பான சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டியதும் காற்றிலிருக்கும் நீரை இழுத்துத் தானே கரைந்து திரவமாகிவிடும். அதற்குக் கீழே மறுபடி காய்ந்து படிகமாகும். கடலோர விடியலில் ஈரப்பதம் சாதாரணமாக 80-ஐத் தாண்டி நிற்கும். வெயில் ஏறினால் இறங்கும். அதாவது பெட்டிக்குள் டெர்மினல்களின் மேல் கண்ணுக்குத் தெரியாமல் படிந்த உப்புத்தூள், காலையில் உப்புத் தண்ணீராகவும் உச்சிப்பொழுதில் வெறும் தூளாகவும் வேடம் மாற்றுகிறது. உப்புத் தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும், உலர்ந்த உப்பு கடத்தாது. டெக்னீஷியன் வந்தபோது குற்றவாளி ஆவியாகிப் போயிருந்தான்.

உண்மையில் நிலைமை இதைவிட மோசம். கடல் உப்பில் சோடியம் மட்டும் இல்லை, மெக்னீசியமும் உண்டு. மெக்னீசியம் குளோரைடு 33 சதவீத ஈரப்பதத்திலேயே நீர்த்துவிடும். உப்பளத்தில் பாத்தியை வற்றவிடாமல் 29, 30 டிகிரிக்கு முன்பே மிஞ்சிய நீரை வெளியேற்றுவது இதனால்தான். அந்தக் கசப்பு நீர் கலந்தால் மூட்டை எப்போதும் நசநசவென்று இருக்கும். பாத்தியில் மெக்னீசியத்தைப் பிரித்து வெளியே ஊற்ற ஆள் இருக்கிறார்கள். பேனலுக்குள் அந்த வேலையைச் செய்ய யாரும் இல்லை.

உப்பு எப்படிக் காற்றில் ஏறுகிறது என்பதில் ஒரு தவறான எண்ணம் பரவலாக உண்டு. உப்பளத்திலிருந்து ஆவியோடு உப்பும் கிளம்பி வருகிறது என்று நினைக்கிறோம். நீர் ஆவியாகும்போது உப்பு அங்கேயே தங்கிவிடுகிறது. உப்பளத் தொழிலே அதை நம்பித்தான் நடக்கிறது. காற்றில் வரும் உப்பின் பெரும்பகுதி அலை உடையும் இடத்தில் பிறக்கிறது. நுரையின் ஒவ்வொரு குமிழியும் வெடிக்கும்போது நுண்ணிய துளிகளைச் சிதறடிக்கும். துளி காற்றிலேயே காய்ந்து உப்புத் துகளாகி உள்ளே மிதந்து வரும். கனமான துகள்கள் கரையோரத்திலேயே விழுந்துவிடுவதால், கடலிலிருந்து முதல் சில நூறு மீட்டருக்குள் படிவு மிக அதிகம். உள்ளே போகப்போகச் சட்டென்று குறையும். கூனிமேட்டுக் குப்பத்தில் இருக்கும் கதவுக்கும் திண்டிவனத்தில் இருக்கும் கதவுக்கும் ஒரே பேனல், ஒரே வயர், ஒரே காலக்கெடு என்று டெண்டர் போடுகிறவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதாகத் தெரியவில்லை.

அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்தால் முதலில் கண்ணில் படுவது வயர்கள்தான். ரீடரிலிருந்து ஆறு: சிவப்பு, கறுப்பு மின்சாரத்துக்கு, பச்சை, வெள்ளை தகவலுக்கு, மீதி இரண்டு விளக்குக்கும் பீப்புக்கும். பூட்டுக்கு இரண்டு, வெளியேறும் பட்டனுக்கு இரண்டு, கதவு மூடியிருக்கிறதா என்று பார்க்கும் காந்த சென்சாருக்கு இரண்டு, மின் வழங்கிக்கு இரண்டு, பேட்டரிக்கு இரண்டு. ஒவ்வொரு வயருக்கும் இரண்டு முனை. ஒரே ஒரு கதவுக்கு முப்பது முனைக்குக் குறையாது. ஒவ்வொரு முனையிலும் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் செம்பு, தோல் சீவப்பட்டு, ஒரு ஸ்குரூவுக்கு அடியில் அமுங்கிக் கிடக்கிறது. கதவின் பாதுகாப்பு பற்றிப் பேசும்போது நாம் சிப், கார்டு, சாஃப்ட்வேர் என்கிறோம். இவற்றில் ஏதாவது ஒன்று கெட்டால் கம்பெனிக்காரர் மாற்றிக் கொடுப்பார். அந்த முப்பது சென்டிமீட்டர் செம்புக்கு உத்தரவாதம் தருவது வயர் பூட்டிய கைதான்.

பச்சை, வெள்ளை வயர்களுக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. ஜெர்மனியில் பிறந்து 1930-களில் அமெரிக்கா போய் ஜூலியார்ட் இசைப்பள்ளியில் பியானோ படித்தவர் ஜான் வீகாண்ட். ஒலிப்பெருக்கி, டேப் ரெக்கார்டர் என்று ஆர்வம் திரும்பி, காந்தப் பொருள்களில் இறங்கினார். கோபால்ட், இரும்பு, வனேடியம் கலந்த மெல்லிய கம்பியை ஒரு பக்குவத்தில் முறுக்கினால், அதன் மேல்தோல் காந்தத்துக்கு முரடாகவும் உள்தண்டு இளக்கமாகவும் ஆகிவிடுவதை அவர் கண்டார். அப்படிப்பட்ட கம்பி காந்தப்புலத்தைக் கடக்கும்போது அதன் காந்தத் திசை மெல்லத் திரும்பாது, ‘சட்’டென்று புரளும். புரளும் கணத்தில் பக்கத்துச் சுருளில் கூர்மையான ஒரு மின்துடிப்பு பிறக்கும். கார்டுக்குள் இந்தக் கம்பித் துணுக்குகளை இரண்டு வரிசையாகப் பதித்தார்கள். ஒரு வரிசை 0, மறு வரிசை 1. அதற்கேற்ப ரீடரிலிருந்து இரண்டு வயர்: பச்சை 0-க்கு, வெள்ளை 1-க்கு.

அந்தக் கார்டுகள் வழக்கொழிந்து வெகுகாலம் ஆகிறது. இன்றைய கார்டில் இருப்பது ரேடியோ சிப். ஆனால் அந்த இரண்டு வயர் மட்டும் போகவில்லை. உலகம் முழுக்க ரீடர்கள் இன்றும் ‘வீகாண்ட்’ முறையில்தான் பெரும்பாலும் பேசுகின்றன. மாட்டுவண்டி போய் லாரி வந்த பிறகும் வண்டிப்பாதையே சாலையாக இருப்பது போல.

வழக்கமான 26 பிட் முறையில் 8 பிட் நிறுவன எண், 16 பிட் கார்டு எண், முன்னும் பின்னும் ஒவ்வொரு சரிபார்ப்பு பிட். இரண்டு வயரும் சும்மா இருக்கும்போது 5 வோல்ட்டில் நிற்கும். 0 அனுப்ப வேண்டுமானால் பச்சை வயர் சுமார் 50 மைக்ரோ விநாடி பூஜ்யத்துக்கு இறங்கி ஏறும், 1 என்றால் வெள்ளை. 26 துடிப்பும் வந்து சேர்ந்தால்தான் பேனல் அதை ஒரு கார்டு என்றே ஒப்புக்கொள்ளும். லூஸ் கான்டாக்டில் ஒரு துடிப்பு விழுங்கப்பட்டு 25 வந்தால், பேனல் அதைச் சத்தமில்லாமல் தூக்கிப் போட்டுவிடும். பக்கத்து டெர்மினலுக்கு ஈர உப்பின் வழியே கசிவு ஏற்பட்டு 5 வோல்ட் தளர்ந்தாலும் இதே கதிதான். ரீடருக்கு இது எதுவும் தெரியாது. வீகாண்ட் ஒருவழிப் பாதை, பேனலிடமிருந்து ‘கேட்டுச்சு’ என்று பதில் வர வழியில்லை. கார்டைப் படித்தோம் என்ற திருப்தியில் அது ‘பீப்’ போடுகிறது. காலை ஆறரை மணி மர்மத்தின் மறுபாதி இது.

இனி அந்த ஒரு சென்டிமீட்டருக்கு வருவோம்.

வயருக்குள் இருப்பது ஒற்றைக் கம்பி அல்ல, கயிற்றைப் போலப் பல புரி. அரை சதுர மில்லிமீட்டர் வயரில் 0.2 மில்லிமீட்டர் தடிமனில் 16 புரி இருக்கும். அவசரத்துக்குக் கட்டிங் பிளேயரிலோ பல்லிலோ தோல் சீவினால் இரண்டு மூன்று புரி அறுந்துவிடும் அல்லது வெட்டுப்படும். மீதியை விரலால் முறுக்கி டெர்மினலில் நுழைத்தால் ஒன்றிரண்டு புரி வெளியே மீசை போல நீட்டிக்கொண்டு நிற்கும். பக்கத்து டெர்மினலை அந்த மீசை தொட்டால் ஷார்ட். தொடாவிட்டாலும், இந்தக் கரையில் ஈர உப்பு நடுவில் பாலம் போட்டுவிடும்.

இதற்குச் சிலர் செய்யும் வைத்தியம் ஈயப்பற்று. புரிகளைச் சேர்த்துப் பற்றுவைத்து, கெட்டியான முனையை ஸ்குரூவில் இறுக்குவார்கள். பார்க்க நேர்த்தியாக இருக்கும். ஆனால் பற்றுலோகம் மென்மையானது; தொடர்ந்து அழுத்தினால் மெழுகு போல மெல்ல மெல்ல நகர்ந்து விலகும். இன்று இறுக்கிய ஸ்குரூ சில மாதத்தில் தளர்ந்திருக்கும், யாரும் தொடாமலே. பற்று முடிந்து வெறும் புரி தொடங்கும் இடத்தில் வயர் வளைந்து வளைந்து முறியவும் செய்யும். ஸ்குரூவில் பூட்டும் பல்புரி வயருக்குப் பற்று வைக்கக் கூடாது என்பது தொழிலில் பழைய விதி.

சரியான வழி, ஒரு சிறு செம்புக் குழாய். தகரப் பூச்சுப் பூசியது, வாயில் பிளாஸ்டிக் கழுத்து. புரிகளை அதற்குள் நுழைத்துக் கிரிம்பிங் டூலால் நசுக்குவது. மேல்நாட்டில் இதை ஃபெரூல் என்பார்கள். நம்மூர் பேனல் கடையில் ‘ஃபெரூல்’ கேட்டால் வயரில் மாட்டும் எண் எழுதிய மஞ்சள் வளையத்தை எடுத்துக் கொடுப்பார். குழாய் வேண்டுமானால் ‘பின் லக்’ அல்லது ‘எண்ட் ஸ்லீவ்’ என்று கேட்க வேண்டும். இணையத்தில் வீடியோ பார்த்துவிட்டுக் கடைக்குப் போகிறவர்கள் ஒரு தடவையாவது இதில் மாட்டியிருப்பார்கள். எண் வளையமும் வேண்டியதுதான். முப்பது முனையில் எது எங்கே போகிறது என்று ஐந்து ஆண்டு கழித்து வரும் வேறொரு ஆளுக்குச் சொல்வது அதுதான்.

நசுக்குவதில் என்ன விசேஷம்? இரண்டு உலோகப் பரப்புகள் கண்ணுக்கு ஒட்டித் தெரிந்தாலும், உண்மையில் தொட்டுக்கொள்வது அவற்றின் நுண்ணிய மேடுகள் மட்டும். மின்தொடர்புகளையே வாழ்நாள் ஆய்வாகக் கொண்ட ஸ்வீடன் அறிஞர் ராக்னர் ஹோம் இதை விரிவாக விளக்கினார். மின்சாரம் முழுவதும் அந்தச் சில புள்ளிகள் வழியாக நெருக்கியடித்துப் போகிறது. நல்ல கிரிம்ப் என்பது புரிகளின் மேலுள்ள ஆக்சைடுப் படலத்தைக் கிழித்து, செம்பையும் செம்பையும் நேருக்கு நேர் அழுத்தி, நடுவில் காற்று புகக்கூட இடமில்லாமல் ஒரே திரளாக்குவது. காற்று புகாத இடத்தில் உப்பும் புகாது. அதே குழாயைப் பிளேயரால் கடித்துவிட்டால் வெளியே நசுங்கியிருக்கும், உள்ளே இடுக்கு இருக்கும். அந்த இடுக்கு போதும் கடலுக்கு.

பழைய பேனலில் வயர் முனை பச்சை பூத்திருப்பதைப் பார்த்தால் நம் ஆள்கள் ‘களிம்பு பிடிச்சிருக்கு’ என்பார்கள். தமிழுக்கு மிகப் பழக்கமான சொல். செம்போடு ஒட்டிப் பிறந்த களிம்பைத்தான் சைவ சித்தாந்திகள் உயிரைப் பற்றிய ஆணவ மலத்துக்கு உவமையாக வைத்தார்கள். சித்தாந்தத்தில் அது வெளியிலிருந்து வந்தது இல்லை. வேதியியலில் வந்ததுதான்: செம்பு, ஈரம், ஆக்சிஜன், குளோரைடு நான்கும் சேர்ந்தால் அடகாமைட் போன்ற பச்சைக் கூட்டுப்பொருள்கள் உருவாகின்றன. சிலி நாட்டு அடகாமா பாலைவனத்தில் கிடைத்ததால் அதற்கு அந்தப் பெயர்.

எவ்வளவு செம்பு போகிறது? ஐ.எஸ்.ஓ. 9223 என்ற தரநிலை, இடங்களின் அரிப்புத்தன்மையை வகை பிரிக்கிறது. கடுமையான கடலோரங்கள் விழும் சி5 வகையில், முதல் ஆண்டில் சாதா எஃகு 80 முதல் 200 மைக்ரோமீட்டர் வரை அரிக்கப்படும். செம்பு 2.8 முதல் 5.6 மைக்ரோமீட்டர்தான். புரியின் தடிமனோ 200 மைக்ரோமீட்டர். எனவே வயர் கரைந்து காணாமல் போய்விடாது. போகிற அந்தச் சொற்பச் செம்பு எங்கே போகிறது என்பதில்தான் வினை. வயரின் நடுவில் அரித்தால் ஒன்றுமில்லை. ஸ்குரூவும் புரியும் தொடும் அந்த நுண்மேடுகளுக்கு நடுவில் மின்சாரம் கடத்தாத பச்சைப் பொடியாக வந்து உட்கார்ந்தால், கிராமில் அளக்க முடியாத அளவு போதும் கதவை நிறுத்த.

இப்படிப்பட்ட அளவீடுகளுக்குத் தமிழ்நாட்டிலேயே தாய்வீடு உண்டு. அழகப்ப செட்டியார் கொடுத்த 300 ஏக்கர் நிலத்தில், 1948-இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-இல் திறக்கப்பட்ட காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம். மண்டபத்துக் கடற்கரையில் உலோகத் தகடுகளைச் சட்டத்தில் மாட்டி வெயிலிலும் உப்பிலும் விட்டு, மாதக்கணக்கில் காத்திருந்து எடை பார்த்த அனுபவம் அவர்களுக்கு உண்டு. அருகிலேயே 1914-இல் திறந்த பழைய பாம்பன் பாலம் நூறாண்டுக்கு மேல் உப்போடு மல்லுக்கட்டியது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்துக்குப் பாலிசிலாக்சேன் பூச்சு பூசியிருக்கிறார்கள். பாலம் என்றால் பூச்சுக்கென்று தனியாகத் திட்டம் போடுகிறார்கள். சுவரில் தொங்கும் பெட்டி என்றால் அதற்குக் கிடைப்பது ஒரு சாவியும் ஸ்டிக்கரும்.

பேனலில் அரிப்பு வேகமெடுக்க இன்னொரு காரணம், அதிலுள்ள மின்சாரமே. 12 வோல்ட் நேர்மின்சாரம். பக்கத்து பக்கத்து டெர்மினலில் பிளஸும் மைனஸும். நடுவில் ஈர உப்பு. பள்ளி ஆய்வகத்தில் செம்பு முலாம் பூசக் காட்டும் அதே அமைப்பு. பிளஸ் பக்கத்துச் செம்பு அயனியாகக் கரைந்து மைனஸை நோக்கி நகரும். சில சமயம் மரக்கிளை போலச் செம்பு இழை வளர்ந்து இரண்டையும் இணைத்தும்விடும். பழுதான பெட்டியைத் திறந்தால் பெரும்பாலும் பிளஸ் முனைதான் அதிகம் பச்சையாக இருக்கும். தொலைபேசிக்காரர்கள் இந்த வித்தையை வெகுகாலம் முன்பே கற்றுக்கொண்டுவிட்டார்கள். எக்ஸ்சேஞ்சில் பேட்டரியின் பிளஸைத்தான் எர்த் செய்வார்கள். லைனில் ஓடுவது மைனஸ் 48 வோல்ட். எங்காவது ஈரக் கசிவு ஏற்பட்டாலும் லைன் செம்பு மைனஸாக இருப்பதால் கரைவதில்லை. மண்ணுக்கடியில் பல பத்தாண்டு கிடந்த கேபிள்கள் பிழைத்தது இந்த ஒரு தீர்மானத்தாலும்தான். ஆக்சஸ் பேனல் செய்கிறவர்களுக்கு அந்தக் கவலை இல்லை, அவர்கள் ஏ.சி. அறையை மனத்தில் வைத்துச் செய்கிறார்கள்.

காந்தப் பூட்டின் கதை வேறு. 600 பவுண்டு, அதாவது சுமார் 270 கிலோ இழுவிசையுள்ள பூட்டு 12 வோல்ட்டில் அரை ஆம்பியர் இழுக்கும். அப்படியானால் அதன் சுருளின் மின்தடை 24 ஓம். பேனலிலிருந்து கதவு 40 மீட்டர். போக வர 80 மீட்டர் வயர். அரை சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் இது ஏறக்குறைய 3 ஓம். பூட்டுக்குக் கிடைப்பது 10.7 வோல்ட், பிழைத்துக்கொள்ளும். மிச்சம் பிடிக்க நெட்வொர்க் கேபிளின் ஒரு ஜோடியில் இழுத்துவிட்டால் 6.7 ஓம் ஆகிறது, கிடைப்பது 9.4 வோல்ட். காந்த விசை ஏறக்குறைய மின்னோட்டத்தின் இருமடிப்படி மாறுவதால், இழுவிசை அறுபது சதவீதத்துக்கு வந்துவிடும். தோராயக் கணக்குதான், ஆனால் தோளால் ஓங்கி இடிக்கிறவனுக்குத் தோராயமே போதும். இதோடு களிம்பேறிய முனை ஒன்று கூடுதலாக 2 ஓம் சேர்த்தால் மீதியை நீங்களே கணக்குப் போடலாம்.

கேபிளே போலியாக இருப்பது இன்னொரு கொடுமை. மலிவு விலைக் கேபிளின் உள்ளே அலுமினியக் கம்பி, மேலே மட்டும் செம்புத் தோல். அலுமினியத்தின் கடத்துதிறன் செம்பில் அறுபது சதவீதம் சொச்சம். சீவும்போது செம்புத் தோலில் கீறல் விழுந்தால், இரண்டு உலோகமும் உப்பு நீரில் சேர்ந்து ஒரு குட்டி பேட்டரியாகி, அலுமினியம் தன்னையே தின்றுகொள்ளத் தொடங்கும். கண்டுபிடிக்கச் சுலப வழி: கத்தியால் கம்பியைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுக்கலாம்.

காந்தப் பூட்டுக்கு ஒரு நல்ல குணம் உண்டு: கரன்ட் போனால் திறந்துகொள்ளும். திருடனுக்கு வசதி என்று தோன்றும். நெருப்பு பிடித்தால் அதுதான் உயிர். 1911 மார்ச் 25-இல் நியூயார்க் டிரையாங்கிள் சட்டைத் தொழிற்சாலையில் வெளிக்கதவு பூட்டியிருந்த நிலையில் 146 பேர் இறந்தார்கள். அவ்வளவு தூரம் போக வேண்டாம். 2001 ஆகஸ்ட் 6 விடியலில் ஏர்வாடியில் சங்கிலியால் கட்டிவைக்கப்பட்ட 28 மனநோயாளிகள் தீயில் கருகியது தமிழ்நாட்டுக்கு மறக்கவில்லை. கட்டி வைப்பதைவிட அவிழ்த்துவிடுவதை முதலில் யோசிக்க வேண்டும் என்பதால்தான், கதவருகே கண்ணாடி உடைக்கும் அவசரப் பெட்டி வைக்கிறார்கள். அதை வயர் பூட்டுவதில் ஒரு கண்டிப்பு உண்டு: பூட்டுக்குப் போகும் மின்சாரம் நேராக அந்தப் பெட்டியின் வழியே போக வேண்டும். உடைத்த கணம் கம்பி துண்டாகிப் பூட்டு செத்துவிட வேண்டும். இதைப் பேனலுக்கு ஒரு சிக்னலாக மட்டும் கொடுத்து, ‘பேனல் பார்த்துத் திறக்கும்’ என்று விடுவது நான்கு மீட்டர் வயரை மிச்சப்படுத்தும். கம்ப்யூட்டர் நினைத்தால்தான் கதவு திறக்கும் என்ற நிலை எப்படி இருக்கும் என்பதை ஃபேஸ்புக் நிறுவனம் 2021 அக்டோபர் 4-இல் கண்டது. நெட்வொர்க் படுத்த அன்று, அதைச் சரிசெய்ய வேண்டிய ஊழியர்களுக்கே சில அலுவலகக் கதவுகள் திறக்கவில்லை என்று செய்திகள் வந்தன.

பூட்டின் கரன்டைத் துண்டிக்கும்போது இன்னொன்றும் நடக்கிறது. சுருளில் தேங்கிய காந்த ஆற்றல் சும்மா போகாது, நூறு வோல்ட்டுக்கு மேல் எகிறும் எதிர்த்துடிப்பாகத் திருப்பி அடிக்கும். பூட்டை இயக்கும் ரிலேயின் முனைகளில் பொறி பறக்கும். ஒரு நாளைக்கு நூறு முறை திறக்கும் கதவென்றால் நூறு பொறி. இதைத் தடுக்கப் பூட்டின் இரு முனைக்குக் குறுக்கே ஒரு டையோடைத் தலைகீழாக மாட்டுவார்கள், வெள்ளைக் கோடு பிளஸ் பக்கம். விலை ஓரிரு ரூபாய். இதை மாட்டாமல் விட்டதால் கருகிய ரிலேக்களுக்குப் பழி எப்போதும் ‘வோல்டேஜ்’ மீது விழும்.

உப்பை வெளியே நிறுத்த என்ன வழி? ஐ.பி. 65 என்று எழுதிய பெட்டி தூசியையும் தண்ணீர்ப் பீச்சலையும் தடுக்கும், துளை போடும் வரை. பல பெட்டிகளில் மேல்பக்கம் துளையிட்டு, வயரை இறுக்கிப் பிடிக்கும் கிளாண்ட் இல்லாமல் நுழைத்து, பஞ்சையோ பேப்பரையோ அடைத்திருப்பார்கள். மழைநீர் வயரைப் பிடித்துக்கொண்டு நேராக உள்ளே இறங்கும். வயர் கீழ்ப்பக்கமாகத்தான் நுழைய வேண்டும்; நுழையும் முன் ஒரு தொங்கல் வளைவு விட வேண்டும், நீர் அந்த அடிவளைவில் சொட்டிவிடும்படி. பயன்படாத துளைகளையும் அடைக்க வேண்டும். இல்லாவிட்டால் உப்புக்கு முன்னால் பல்லி குடியேறும். பெட்டி மூச்சு விடுவதையும் மறக்கக் கூடாது. பகலில் உள்ளிருக்கும் காற்று சூடேறி வெளியே கசியும், இரவில் குளிர்ந்து வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். கடலோரத்தில் அந்த இரவு மூச்சு உப்பு மூச்சு. சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றை உள்ளே வைத்து ஆறு மாதத்துக்கொரு முறை மாற்றுவது அதற்காகத்தான். படகுகளில் ஓடும் வயரில் ஒவ்வொரு புரிக்கும் தகரப் பூச்சு இருக்கும். அதை வாங்கிப் போட்டால் வயர் செலவு கூடும், களிம்பு குறையும்.

புதிய தலைமுறை ரீடர்கள் வீகாண்டை விட்டு ஓ.எஸ்.டி.பி. என்ற முறைக்கு மாறிவருகின்றன. 2020-இல் அது சர்வதேசத் தரநிலையாகவும் ஆனது. ரீடரும் பேனலும் இருவழியாக, சங்கேதமாகப் பேசிக்கொள்ளும். ஒரு வரி தொலைந்தால் மறுபடி கேட்டு வாங்கும். வயர் அறுந்தால் உடனே தெரியும். காலை ஆறரை மணிப் புகார், இதில் ‘ரீடர் தொடர்பில் இல்லை’ என்று கணினித் திரையில் எழுத்தாகவே வந்துவிடும். அதுவும் கடைசியில் நான்கு வயர், நான்கு ஸ்குரூ. கோடியில் 120 ஓம் தடை ஒன்றை மாட்ட வேண்டும் என்பது கூடுதல் வேலை.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் சுமார் 48 சென்டிமீட்டர் மழை. மரக்காணத்து உப்பளங்கள் வெள்ளத்தில் மூழ்கின. அப்படிப்பட்ட நாளில் கரன்ட் போய்விடும். பேனலுக்குள் இருக்கும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி பூட்டையும் ரீடரையும் சேர்த்துக் காகிதக் கணக்கில் பத்து மணி நேரம் தாங்கும், பழைய பேட்டரியானால் அதில் பாதி. அதற்குப் பிறகு கதவு திறந்துதான் கிடக்கும். மழை நின்ற பிறகு வெளியே எல்லாம் காய்ந்துவிடும். டெர்மினலுக்கு அடியில் போன நீர் காயும்போது உப்பை விட்டுவிட்டுப் போகும், பாத்தியில் செய்வதையே.

உப்பளக்காரர்களுக்கு ஐப்பசி நெருங்கும்போது ஒரு வேலை உண்டு. குவியல்களின் மேல் தார்ப்பாயோ கீற்றோ போட்டு மூடிக் கட்டுவது. அதே வாரத்தில் பேனல் பெட்டியையும் திறந்து பார்க்கிற வழக்கம் கரையோரக் கட்டடங்களில் வந்தால் நல்லது. அரை மணி நேர வேலை. ஒவ்வொரு வயரையும் விரலால் மெல்ல இழுத்துப் பார்ப்பது. கையோடு வருகிற வயர் ஒன்றாவது இருக்கும். பச்சை ஏறிய முனையை வெட்டி எறிந்து, புதிதாகச் சீவி, லக் போட்டு நசுக்குவது. பிறகு மல்டிமீட்டரை எடுத்து, கதவு பூட்டிய நிலையில், பேனலில் ஒரு அளவும் பூட்டின் முனையில் ஒரு அளவும் எடுத்து, இரண்டையும் பெட்டிக் கதவின் உள்பக்கம் தேதி போட்டுப் பென்சிலால் எழுதி வைப்பது. பேனலில் 13.6, பூட்டில் 12.4. அடுத்த ஐப்பசியில் பூட்டில் 11.1 என்று காட்டினால், எந்த முனையில் கடல் புகுந்திருக்கிறது என்று ஒவ்வொன்றாகத் தேட வேண்டியதுதான்.